தில்லியில் குடியேறி பிஸ்டல் பழக

வேலைக்காகத் தில்லி வந்து மயூர் விஹாரிலோ முனிர்க்காவிலோ அறை எடுத்திருக்கும் நம்மவர்களில் பிஸ்டல் பழக நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, ஓடி ஓடிச் சுடுகிற ‘பிராக்டிகல்’ போட்டியைத்தான். 1976இல் அமெரிக்காவின் மிசூரியில் உருவான ஐ.பி.எஸ்.சி. (சர்வதேச பிராக்டிகல் ஷூட்டிங் கூட்டமைப்பு) ஆட்டம் அது. எடுத்த புள்ளியை ஆன நொடிகளால் வகுத்து ஸ்கோர் போடுவார்கள். அதில் புழங்கும் 9 மி.மீ. பிஸ்டல் இங்கே தடைசெய்யப்பட்ட வகை, சாதாரண உரிமத்தில் கிடைக்காது. ஆகவே நமக்கு நுழைவாசல், காற்றழுத்தத்தில் சுடும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்தான். குழல் 4.5 மி.மீ.க்கும் சக்தி 20 ஜூலுக்கும் மேற்படாவிட்டால், 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டி பிஸ்டல் 6 ஜூலைச் சுற்றித்தான் இருக்கும்.

1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய கர்ணி சிங் ரேஞ்ச் (சுடுதளம்) துக்ளகாபாத்தில் இருக்கிறது. ஆனால் ஆபீஸ் முடிந்து தினமும் போய்வர, வீட்டுப்பக்கம் 10 மீட்டர் லேன் உள்ள கிளப்பே தோது. முதல் மூன்று மாதம் கிளப் பிஸ்டலே போதும். வந்த வேகத்தில் ஸ்டெய்ர், மோரினி மாதிரி கம்பெனி பிஸ்டல் வாங்குபவர்கள் பெரும்பாலும் கிரிப் (கைப்பிடி) அளவில் ஏமாறுகிறார்கள். கிரிப் பெரிதாக இருந்தால் விரல் டிரிகரில் நேராக உட்காராது, பக்கவாட்டில் தள்ளும். பழைய பிஸ்டல் என்றால் அதன் காற்றுச் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். பத்து வருடம் தாண்டியதில் 200 பார் காற்று அடைப்பது வம்பு.

டார்கெட்டில் 10ஆம் வளையம் 11.5 மி.மீ.தான், சட்டைப் பொத்தான் அளவு. அதைப் பார்த்ததும் கை ஆடுகிறதே என்று எல்லாருக்கும் கவலை வரும். கை ஆடட்டும். குறிபார்க்கும் முன்சைட்டும் பின்சைட்டும் ஒரே கோட்டில் இருந்து, கை மட்டும் ஒரு மி.மீ. நகர்ந்தால் பெல்லட்டும் (சின்ன ஈயக்குண்டு) ஒரு மி.மீ.தான் நகரும். சைட்டுகள் ஒன்றுக்கொன்று ஒரு மி.மீ. விலகினால் கதையே வேறு. இரண்டுக்கும் இடைவெளி சுமார் 33 செ.மீ.; பத்து மீட்டரில் அந்தப் பிழை முப்பது மடங்காகி, 3 செ.மீ. தள்ளி விழும். பத்து போய் ஏழு. அதனால்தான் கண் முன்சைட்டில் நிற்க வேண்டும், கறுப்பு வட்டம் மங்கலாகவே தெரியட்டும். கண்ணாடி போடுபவர்கள் புரோகிரஸிவ் லென்ஸோடு மல்லுக்கட்ட வேண்டாம். முன்சைட் தெளிவாகத் தெரிய, தூரப்பார்வை பவரோடு +0.50 அளவில் கூட்டித் தனி லென்ஸ் போட்டால் பலருக்கும் சரிப்படுகிறது.

கோச் அடிக்கடி சொல்லும் இந்தி வாக்கியம் ஒன்றுதான்: ‘ஜட்கா மத் மாரோ’. டிரிகரை வெடுக்கென்று இழுக்காதே என்று அர்த்தம். வலக்கைக்காரருக்குக் குண்டுகள் இடப்பக்கம் கீழே குவிந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. அதற்குப் போய் சைட்டைத் திருகாதீர்கள். ஐந்தைந்தாகச் சுட்டு, குவியல் இறுகிய பிறகு திருகலாம். தூக்கிய பிஸ்டலில் பத்து நொடிக்குள் குண்டு போகவில்லை என்றால் இறக்கிவிடுவதே நல்லது. அதற்குமேல் கண்ணும் களைக்கும், மூச்சும் முட்டும்.

சொந்த பிஸ்டல் வந்தபின், முன்னேற்றமெல்லாம் பர்சாத்தி (மொட்டைமாடி) அறையில்தான். வெள்ளைச் சுவரைப் பார்த்து, பெல்லட் இல்லாமல், ட்ரை ஃபயர் மோடில் தினம் இருபது நிமிடம். சுவரில் புள்ளி வேண்டாம், புள்ளி இருந்தால் கண் அங்கே ஓடிவிடும். ஜன்னல் திரையை மூடிக்கொள்ளுங்கள். எதிர்மாடி ஆன்ட்டிக்கு ஏர் பிஸ்டலும் நிஜத் துப்பாக்கியும் ஒன்றுதான். பில்லும் கிளப் அட்டையின் நகலும் பெட்டியிலேயே இருக்கட்டும், வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். ஜனவரிக் குளிரில் விரல் மரத்து டிரிகரின் உணர்வே போய்விடும். பத்து நிமிடம் கை சூடான பிறகு ஆரம்பியுங்கள்.

போட்டி என்றால் 15 நிமிட தயாரிப்புக்குப் பின், மின்னணு டார்கெட்டில் 75 நிமிடத்தில் 60 குண்டு. ஒரே கை, மற்றது பாக்கெட்டில். டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். சரியாக 500இல் வைத்தால் சோதனை மேஜையில் எடைக்கட்டி நழுவும், 515 வாக்கில் வையுங்கள். குண்டு இல்லை என்று காட்ட, குழலுக்குள் ஆரஞ்சு நிற இழை எப்போதும் இருக்க வேண்டும், லேனுக்கு வந்து அனுமதி கிடைத்த பிறகே எடுக்கலாம். பெல்லட் ஈயம் என்பதால், சுட்ட கையோடு கேன்டீன் சமோசாவைத் தொடாதீர்கள், முதலில் சோப்பு.