7ஆம் எண் படிவமும் எங்கள் உளுந்து வயலும்

மியன்மாரின் (பழைய பர்மா) பகோ வட்டாரத்தில் தாத்தா குத்தகைக்கு உழுத வயல், 1930களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் கடனுக்காக, வட்டித்தொழில் செய்த செட்டியார்கள் வசமான நிலங்களுள் ஒன்று. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்களது உடைமை, 1938க்குள் 25 விழுக்காட்டை எட்டியிருந்தது.

இன்று, 2008 அரசியலமைப்பின்படி, நிலத்தின் இறுதி உரிமையாளர் அரசே. 2012ஆம் ஆண்டு வேளாண் நிலச் சட்டத்தின் 7ஆம் எண் படிவம், விற்கவும் அடகு வைக்கவும் இடமளித்தாலும், பயன்பாட்டுச் சான்று மட்டுமே. (அந்தத் தாள் எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.) அது கைக்கு வந்த பிறகுதான் அப்பா வரப்புகளை உயர்த்தி, தொழுவுரம் கொட்டி, நெல்லறுவடை முடிந்து ஈரம் காயுமுன் உளுந்து விதைத்து, அதன் வேர்முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்க விட்டார். தரிசெனப் பதிவான நிலத்தில் பயிரிடும் அண்டை வீட்டாருக்கோ, தரிசு நிலச் சட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியின்றி உழுதால் 2 ஆண்டு வரை சிறை.