மூன்று விரல்

அப்பா மிளகாயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்க ஆரம்பித்தது 2009 வாக்கில். பலச்சாங் என்ற காரமான இறால் தொக்கு இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காத மனிதர் அவர். "நெருப்பு வெச்ச மாதிரி எரியுதும்மா" என்பார். அம்மா அதை வயிற்றுச் சூடு என்றாள். மோர் கொடுத்தாள், மணத்தக்காளிக் கீரையைத் தேடிப் பிடித்துக் கூட்டு வைத்தாள். வாய்ப்புண் வந்தால் வயிற்றைப் பார் என்பதுதானே நம் வீடுகளில் வழக்கம். இரண்டு வருஷம் அப்படியே போனது.

எங்கள் ஊர் பர்மாவில் மௌல்மீன் பக்கம், மூடோன். மொன் மாநிலம் முழுக்கப் பாக்கு மரம்தான். அப்பா பாக்கு மண்டியில் கணக்கு எழுதினார். காய்ந்த பாக்கு மலைபோல் குவிந்திருக்கும் கொட்டகையில் உட்கார்ந்து நாற்பது வருஷம் வேலை. பாக்கு போடுவது பதினாலு வயதில் பழகியது, வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. தூங்கும்போதுகூட ஒரு துண்டு கன்னத்தில் ஒதுங்கியிருக்கும்.

இங்கே குன்யா, அதாவது வெற்றிலை மடிப்பு, போடும் விதத்தைத் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். கடைக்காரர் ஈர வெற்றிலைகளை வரிசையாகப் பரப்புவார். கரைத்த சுண்ணாம்பை ஒரு குச்சியால் தொட்டு இலை முழுக்க வெள்ளை அடிப்பது மாதிரி ஒரே இழுப்பில் தடவுவார். அதன்மேல் உடைத்த பாக்கு, காசுக்கட்டி, ஏலம், லவங்கம், கேட்டால் ஒரு சிட்டிகை புகையிலை. நாலு மூலையையும் மடித்துச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு நீட்டுவார். எல்லாம் அரை நிமிஷ வேலை. யாங்கோனில் அனோரத்தா சாலை காளி கோயிலைச் சுற்றி நடந்தாலே பத்து கடை தட்டுப்படும். பஸ் ஓட்டுநர், மூட்டை தூக்குகிறவர், பள்ளிக்கூட வாத்தியார், எல்லோர் கையிலும் அந்தப் பை இருக்கும்.

அப்பாவின் பல் கறுத்துச் சிவந்து கிடந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. அதனால் அந்தக் கறையைத்தான் எல்லோரும் கவனித்தோம். ஊரில் ஒரு பல் மருத்துவரிடம் இரண்டு முறை போய்ச் சுத்தம் செய்துகொண்டார். காரையைச் சுரண்டி, மெருகு போட்டுப் பளிச்சென்று அனுப்பி வைத்தார்கள். வாயை இன்னும் கொஞ்சம் திறங்கள் என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள், இவரால் முடிந்திருக்காது. ஏன் முடியவில்லை என்று இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை. எனக்கு அதில் இன்றும் ஆறவில்லை.

2011 இல் என் மகளுக்குக் காது குத்த யாங்கோன் வந்தார். கோயிலில் கொடுத்த லட்டை வாயில் வைக்காமல் உள்ளங்கையில் நசுக்கிப் பொடியாக்கி, பொடியைச் சிட்டிகை சிட்டிகையாக உதட்டுக்குள் தள்ளினார். எனக்குச் சுருக்கென்றது. "என்னப்பா இப்படிச் சாப்பிடுறீங்க?" என்றேன். "தாடை பிடிச்சிருக்கு, காத்து புகுந்திருக்கும்" என்றார். மறுநாளே திங்கன்ஜூனில் இருக்கும் பல் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப் போனேன். அவருக்கு ஒரு கடைவாய்ப்பல் வலித்தது, அதைக் காட்டலாம் என்று சொல்லித்தான் அவரைக் கிளப்ப முடிந்தது.

அங்கே எங்களைப் பார்த்த சயாமாவுக்கு, அந்தப் பெண் மருத்துவருக்கு, முப்பது வயதுகூட இருக்காது. வலிக்கிற பல்லை அவர் முதலில் பார்க்கவே இல்லை. "ஊலே (மாமா), உங்க ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், மூணையும் சேர்த்து நிமிர்த்தி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில வைங்க" என்றார். அப்பா சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. ஒரு விரல் நுழைந்தது. இரண்டாவது விரல் நகத்தோடு நின்றுவிட்டது. இன்னொரு தடவை முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்தது, விரல் நகரவில்லை. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை.

சயாமா கையுறை போட்ட விரலால் கன்னத்தின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அப்புறம் விளக்கைத் திருப்பி என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். வாயின் உள்ளே ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய இடம் வெளிறி, பளிங்கு மாதிரி வெள்ளை பாய்ந்து கிடந்தது. தொட்டால் கன்னத்துக்குள் கயிறு கயிறாக நார் ஓடுகிறது என்றார். பாக்கில் இருக்கும் அரெகோலின் என்ற ரசாயனம், சதைக்கு உறுதி கொடுக்கும் கொலாஜன் நாரை அளவுக்கு மீறி உண்டாக்க வைக்கிறதாம். நார் சேரச் சேரக் கன்னம் நெகிழ்வு போய்த் தோல் வார் மாதிரி இறுகுகிறது. காரம் எரிவதுதான் அதன் முதல் அடையாளங்களில் ஒன்று. நாங்கள் இரண்டு வருஷம் கீரை வைத்துக்கொண்டிருந்தோம்.

"நான் புகையிலையை விட்டே பத்து வருஷமாச்சே, வெறும் பாக்குதானே" என்றார் அப்பா. இந்த ஒரு வாக்கியத்தை அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இருக்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலைப் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று 1985 இலேயே சொல்லிவிட்டது. புகையிலையே சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே உண்டாக்கும் என்பதை 2004 இல் வெளியிட்ட தொகுப்பில் சொன்னது. சிகரெட்டை வைத்திருக்கும் அதே முதல் வரிசையில்தான் பாக்கையும் வைத்திருக்கிறது. நாங்கள் பாக்கு வியாபாரத்தில் சோறு தின்ற குடும்பம். இதை எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

இடது கன்னத்தில், எப்போதும் பாக்கை ஒதுக்கி வைக்கும் அதே இடத்தில், சின்னதாக ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எனக்குத் தூக்கம் இல்லை. புற்றுநோய் இல்லை என்று வந்தது. ஆனால் இறுகிய கன்னம் முழுசாகப் பழையபடி ஆகாது, பாக்கை நிறுத்தினால் மேலும் மோசமாகாமல் காக்கலாம், ஆபத்து அப்படியே நீங்கிவிடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார்கள்.

வைத்தியம் என்னவென்றால், கன்னத்தில் சில வாரம் ஊசி, அப்புறம் குச்சி. ஐஸ்கிரீமில் வருமே, அந்தத் தட்டையான மரக்குச்சிதான். குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிஷம் அப்படியே இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. அப்பா பதினொரு குச்சியில் ஆரம்பித்தார். பன்னிரண்டாவது குச்சியைச் செருகுவதற்குப் பதினேழு நாள் ஆனது. கணக்கெழுதிப் பழகிய மனிதர் இல்லையா, ஒரு பழைய பேரேட்டில் தேதி போட்டு எத்தனை குச்சி என்று குறித்து வைத்தார். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் பதினாறு. இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. அன்றைக்கு இட்லியில் ஒரு பெரிய துண்டைக் கையால் பிட்டு ஒரே வாயாக வைத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

விடுவது லேசில்லை. சாப்பிட்டு எழுந்ததும் கை தானாக மடியைத் தடவும். தலைவலி, எரிச்சல், யாரைப் பார்த்தாலும் கோபம். பாக்குக்கும் உடம்பு அடிமையாகத்தான் செய்கிறது, மன உறுதி இல்லாதவர் என்று அவரைப் பேசாதீர்கள் என்று சயாமா முன்பே எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். அந்தச் சொல் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது என்றே நினைக்கிறேன். அம்மா ஒரு டப்பாவில் வறுத்த சோம்பும் ஏலக்காயும் போட்டு அவர் சட்டைப் பையில் வைத்தாள். இரண்டு தடவை மறுபடி போட்டார், இரண்டு தடவையும் தானே வந்து சொன்னார். மூன்றாவது முறை விட்டது விட்டதுதான். 2020 இல் இதய நோயால் போனார். கடைசிவரை வாயில் வேறு கோளாறு வரவில்லை.

கல்யாணத்தில் தாம்பூலம் கொடுத்தால் வாங்காமல் இருக்க முடியுமா என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். வாங்குங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி படத்தடியில் வையுங்கள். அப்பா அப்படித்தான் செய்தார். மரியாதை எதுவும் குறையவில்லை.

அப்பாவோடு அந்த மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாதங்களில் பல்லைப் பற்றியும் நிறையத் தெரிந்துகொண்டேன். நான் அதுவரை காலையில் மட்டும்தான் பல் துலக்கினேன். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடுகிறது, அதனால் இரவு ஒட்டியிருக்கும் உணவுதான் பல்லை அதிகம் கெடுக்கும் என்று அங்கேதான் கேட்டேன். ஃபுளோரைடு உள்ள பற்பசையால் இரவு கட்டாயம், காலையில் ஒருமுறை, இரண்டு நிமிஷம். துலக்கிய பிறகு நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடு போய்விடும். இது எனக்குப் பெரிய ஆச்சரியம். நாம் ஒரு செம்புத் தண்ணீரைக் காலி செய்தால்தான் வாய் சுத்தமானதாக நம்புகிறோம்.

அம்மா கரியும் உப்பும் இடித்து விரலால் தேய்ப்பவள், அதுவும் அழுத்தித் தேய்ப்பவள். அவள் பல்லின் கழுத்தில், ஈறை ஒட்டி, அரிவாளால் வெட்டின மாதிரி பள்ளம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் துடிப்பாள். எனாமல் தேய்ந்தால் திரும்ப வளராது. இப்போது மென்மையான பிரஷால் ஈறிலிருந்து பல் நுனி நோக்கி மெதுவாகத் துலக்குகிறாள். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பதை நான் தள்ளவில்லை. தாத்தா வேப்பங்குச்சியை நுனி பஞ்சாகும்வரை மென்று பொறுமையாகத் தேய்ப்பார், அந்தப் பொறுமை நல்லது. ஆனால் குச்சியில் ஃபுளோரைடு கிடையாது.

இந்த ஊருக்கே உரிய இரண்டு விஷயம் சொல்கிறேன். மொகிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸில் எலுமிச்சை பிழிந்து சாப்பிட்ட கையோடு பல் துலக்காதீர்கள், புளிப்பில் எனாமல் இளகியிருக்கும், அரை மணி நேரமாவது போகட்டும். சாப்பிடும் முன்பே துலக்கிவிடுவது இன்னும் நல்லது. அடுத்தது, இனிப்பான கட்டிப்பால் ஊற்றிய டீ. ஒரு கோப்பையைக் குடித்து முடித்தால் பல் தன்னைச் சரி செய்துகொள்ள நேரம் கிடைக்கும். டீக்கடையில் ஒரே கோப்பையை இரண்டு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டு பேசினால் வாய் அத்தனை நேரமும் அமிலத்தில் ஊறுகிறது. எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம்.

குழந்தைகள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழுந்து அந்த இடத்தில் வராததால், அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். என் மகளுக்கு அதில் சொத்தை விழுந்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அப்பாவை அருகிலிருந்து பார்த்தவன், குச்சி அடுக்கிக் கொடுத்தவன். இப்போது லாரி ஓட்டுகிறான். ராத்திரி தூக்கம் வராமல் இருக்கப் போடுகிறேன் அக்கா, புகையிலை இல்லை, வெறும் பாக்குதான் என்கிறான். அதே வாக்கியம். நான் திட்டவில்லை. மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் இரு ஓரம், நாக்குக்கு அடியில், உதட்டின் உள்ளே பார்க்கச் சொன்னேன். வெள்ளையோ சிவப்போ திட்டு இருந்தாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும், காரணமில்லாமல் ஒரு பல் ஆடினாலும் அன்றைக்கே சொல்லச் சொன்னேன். விரலை வைத்துப் படம் எடுத்து அனுப்பு என்றேன்.

மூன்று வாரம் பதில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை இரவு வைபரில் ஒரு படம் வந்தது. லாரியின் உள்விளக்கு வெளிச்சம், திறந்த வாய், அதில் நிமிர்த்தி வைத்த விரல்கள். இரண்டு விரல் உள்ளே இருக்கிறது, மூன்றாவது பாதியில் நிற்கிறது. கீழே, "அக்கா, காரம் எரியுது" என்று எழுதியிருந்தான்.

வியாழக்கிழமை யாங்கோன் வருகிறான். காலை ஏழு மணிக்கே வரிசையில் நிற்க வேண்டும், டோக்கன் சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்பாவின் பேரேட்டில் பாதிக்கு மேல் வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றன. அதையும் எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன்.