மோட்டார் அப்புறம், முதலில் வண்டி: சாய்ந்து ஓட்டும் டிரைக் தேடிய அனுபவம்

முதுகைச் சாய்த்து ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளான டிரைக் வீட்டுக்கு வந்துவிட்டது. அதில் மாட்டப்போகும் மின் மோட்டார் இன்னும் வரவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "எத்தனை வாட்ஸ்? ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும்?" என்றுதான் கேட்கிறார்கள். எந்த வண்டியில் மாட்டப்போகிறாய், ஏன் அந்த வண்டி என்று யாரும் கேட்பதில்லை. சில மாதங்களாக நான் மண்டையை உடைத்துக்கொண்டது முழுக்க அந்தக் கேள்வியில்தான். மோட்டாரும் அதற்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் பெட்டியில் வரும், சரிப்படாவிட்டால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். ஃபிரேம் அப்படியில்லை. அதன் அகலம், உயரம், பின்சக்கரத்தை இரு பக்கமும் பிடிக்கும் கவட்டையின் இடைவெளி எல்லாம் வாங்கிய அன்றைக்கே முடிவாகிவிடும்.

எனக்கு உள்காதில் ஒரு கோளாறு. திடீரென்று தலை சுற்றும். இரண்டு சக்கர வண்டி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முழங்காலும் முன்போல இல்லை. மதுரையை ஒட்டிய நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேலைக்குப் போய்வர ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் இருக்கின்றன. ஆனாலும் பெடல் மிதிக்கும் பழக்கம் விடவில்லை. கீழே விழாத சைக்கிள், காலுக்குத் துணையாகக் கொஞ்சம் கரண்ட், இவ்வளவுதான் தேவை.

பார்க்காதவர்களுக்கு: ரிகம்பன்ட் டிரைக் என்பது சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி முதுகைச் சாய்த்து, கால்களை முன்னால் நீட்டி மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிள். சாய்ந்து ஓட்டும் வண்டிகள் புதிதல்ல. 1933இல் பாரிசில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர், சார்லஸ் மோஷே செய்த இரு சக்கர சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டி அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார். மறு வருடமே சர்வதேச சைக்கிள் சங்கம் இது சைக்கிளே இல்லை என்று ஒதுக்கிவிட்டது. அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் நம் ஊர்க் கடையில் போய்க் கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

வகை இரண்டு. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று என்றால் டாட்போல். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்றால் டெல்டா. எனக்கு முதலில் டெல்டா மேல்தான் கண். இருக்கை உயரம், முழங்கால் வலிக்காமல் உட்கார்ந்து எழலாம். முன்சக்கரம் இரு பக்கமும் பிடிக்கும் சாதாரண ஃபோர்க்கில் இருப்பதால், சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டாரை மாட்டுவதும் சுலபம். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் செய்துவைத்திருந்த டெல்டா ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். நேர் ரோட்டில் சொகுசு. ஒரு வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பி பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தபோது உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாயும். டெல்டாவில் முன்னால் தாங்குவதற்கு ஒரே ஒரு சக்கரம். டாட்போலில் அதே எடை இரண்டு சக்கரங்களுக்கு நடுவே போய் உட்காருகிறது, இருக்கையும் தாழ்வு. தலைசுற்றலுக்குப் பயந்து வாங்குகிற வண்டி வளைவில் பயமுறுத்தினால் என்ன லாபம்?

இன்னொன்றும் உண்டு. டெல்டாவில் ஓட்டுபவரின் எடை பெரும்பாலும் பின்னால்தான். முன்சக்கரத்தில் மோட்டாரை வைத்தால் பிடிமானம் குறைவு, நம் சாலையோர மணலில் சக்கரம் சும்மா சுற்றும். ஆக டாட்போல்தான் என்று முடிவு செய்தேன். ஆனால் டாட்போலின் முன்சக்கரங்கள் ஒரு பக்கம் மட்டும் பிடித்த அச்சில் நிற்பவை. ஃபோர்க்குக்காகச் செய்த ஹப் மோட்டார் அங்கே போகாது. மோட்டாரைப் பின்சக்கரத்தில் வைக்கலாம், அல்லது பெடல் இருக்கும் இடத்தில் மிட்-டிரைவாக வைக்கலாம். வேறு வழி இல்லை.

புது டாட்போல் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும். கப்பல் கூலியும் சுங்க வரியும் தனி. அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கவில்லை. கடைசியில் கையில் நின்றவை இரண்டு பழைய வண்டிகள். பெங்களூருவில் ஒன்று: அலுமினிய ஃபிரேம், பின்சக்கரம் 26 அங்குலம், தூக்கினால் பூ மாதிரி. புதுச்சேரி பக்கம் இன்னொன்று: குரோமோலி எஃகு (குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது), மூன்று சக்கரமும் 20 அங்குலம், பெயின்ட் உரிந்து கிடந்தது. படத்தில் பார்த்த எல்லாரும் பெங்களூரு வண்டியைத்தான் வாங்கச் சொன்னார்கள். நான் புதுச்சேரி வண்டியை வாங்கினேன்.

முதல் காரணம் பின் கவட்டை. ஹப் மோட்டாரில் அச்சு சுற்றாது, உடம்புதான் சுற்றும். சக்கரத்தை முன்னால் தள்ளும் அதே விசை அச்சைப் பின்பக்கமாகத் திருகப் பார்க்கும். அதைத் தடுப்பது அச்சின் இரு பக்கமும் தட்டையாகச் செதுக்கிய பகுதிதான். 12 மி.மீ. அச்சு, தட்டையான இடத்தில் 10 மி.மீ. அது கவட்டையின் வெட்டில் கச்சிதமாக உட்கார வேண்டும். வெட்டு பிளந்து அச்சு சுற்றிவிட்டால் உள்ளே போகும் ஒயர் மொத்தமும் முறுக்கி அறுந்துபோகும். எஃகு கொஞ்சம் வளைந்து எச்சரிக்கை கொடுக்கும். வார்த்த அலுமினியம் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். எதுவானாலும் டார்க் ஆர்ம் என்கிற இரும்புப் பட்டை ஒன்றை அச்சில் கோத்து ஃபிரேமோடு பிணைப்பது நல்லது.

படங்களை அவனியாபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் காட்டினேன். பெங்களூரு வண்டியைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "தம்பி, இரும்புன்னா நம்ம கையில இருக்கு. அலுமினியம்னா ஆண்டவன் கையில இருக்கு." அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. சூட்டுப் பதம் கொடுத்த அலுமினியத்தில் பற்றவைத்தால் அந்த இடத்தைச் சுற்றி வலு இறங்கிவிடும், மறுபடி பதம் ஏற்ற உலை வேண்டும். எஃகில் ஒரு பிராக்கெட் வைப்பது அவருக்கு டீ குடிக்கும் நேரத்து வேலை.

இடைவெளியையும் அளந்து அனுப்பச் சொல்லியிருந்தேன். கியர் சக்கரத்தோடு வரும் பின் ஹப் மோட்டார்கள் பெரும்பாலும் 135 மி.மீ. கவட்டைக்குச் செய்தவை. பழைய சொந்தக்காரர் டேப் வைத்து அளந்த படமே அனுப்பினார். சரியாக 135.

இரண்டாவது காரணம் சக்கரத்தின் அளவு. 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் ஒன்றரை மீட்டர் போகும். 26 அங்குலம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். 25 கி.மீ. வேகத்துக்குச் சிறிய சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 275 சுற்றுச் சுற்ற வேண்டும், பெரியது 205 சுற்றினால் போதும். அப்படியானால் பெரிய சக்கரத்துக்காகச் சுருள் சுற்றிய மோட்டாரை 20 அங்குலத்தில் போட்டால் வேகம் 18, 19இல் நின்றுவிடும், ஆனால் இழுவை மூன்றில் ஒரு பங்கு கூடும். காளவாசல் நெரிசலில் 18க்கு மேல் போக யாரால் முடிகிறது? எனக்கு இழுவைதான் வேண்டும்.

டயர் விஷயமும் இதில் சேர்ந்தது. 20 அங்குலம் என்ற பெயரில் இரண்டு அளவு உண்டு. 406 மி.மீ. ரிம் என்றால் பிள்ளைகள் சைக்கிளின் டயர், டியூப் எந்தத் தெருவிலும் கிடைக்கும். 451 என்றால் ஒவ்வொரு முறையும் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த வண்டியில் மூன்றும் 406. ஒரே ஒரு டியூபை மாற்றாகப் பையில் வைத்துக்கொண்டால் போதும்.

ரோட்டைப் பற்றிச் சொல்லாமல் டிரைக் பேச்சு முடியாது. இரண்டு சக்கர வண்டியில் பள்ளத்தை ஒரு கோட்டில் ஒதுக்கிவிடலாம். டிரைக்குக்குத் தரையில் மூன்று தடம். இடது சக்கரத்தைத் தப்பவைத்தால் பின்சக்கரம் விழும், அதைத் தப்பவைத்தால் வலது. ஆகவே ஒதுங்கும் சாமர்த்தியத்தை நம்பாமல் தடித்த டயரை நம்ப வேண்டும். ஒன்றே முக்கால் அங்குல டயருக்கு மட்டும் இடம் இருந்த ஃபிரேம்களை இதற்காகவே கழித்தேன். இதில் இரண்டு அங்குலம் போகும்.

வேகத்தடை அடுத்தது. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படி மெதுவாக ஏறி இறங்கினால் டிரைக்குக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நம் தெருக்களில் அவரவர் வீட்டு வாசலில் சிமென்ட் குழைத்துப் போட்ட திண்டுக்கு எந்த அளவும் கிடையாது. முன்சக்கரங்களைத் தாங்கும் குறுக்குக் குழாயின் அடிப்பாகம் தரையிலிருந்து 12 செ.மீ.யாவது இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். பெங்களூரு வண்டி அதைவிடத் தாழ்வு. அகலம் 78 செ.மீ., எங்கள் வீட்டு இரும்புக் கேட்டில் நுழைகிறது. இதையும் முன்கூட்டியே அளந்துவிடுங்கள். பக்கவாட்டில் தூக்கி நுழைக்க இது இரண்டு சக்கர சைக்கிள் இல்லை.

குட்டியானையிலிருந்து வண்டியை இறக்கிய அன்று என் மனைவி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டது: "ஏங்க, இதுல உக்காந்தா லாரிக்காரன் கண்ணுக்குத் தெரிவீங்களா?" நியாயமான கேள்வி. தேனி ரோடு தேசிய நெடுஞ்சாலை. இருக்கை தரையிலிருந்து ஒரு அடிதான் உயரம், லாரியின் சக்கரம்தான் நம் கண்ணுக்கு நேரே வரும். ஆளுயரத்துக்குக் கம்பும் அதன் மேல் ஆரஞ்சுக் கொடியும், பகலிலும் எரியும் பின்விளக்கு, இரண்டு பக்கமும் கண்ணாடி, இவை மூன்றும் மாட்டாமல் நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்குக் கீழக்குயில்குடி ரோட்டில் சமணர் மலை வரை போய் வருகிறேன். அங்கே டிராக்டர்காரர்கள் வண்டியை நிறுத்தி விசாரிக்கிறார்கள், அதுவே பாதுகாப்பு.

மிட்-டிரைவா, ஹப்பா என்பதில் அதிகம் யோசிக்கவில்லை. மிட்-டிரைவ் செயின் வழியாக இழுப்பதால் கியரின் பயன் முழுக்கக் கிடைக்கும். சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதாக இருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் டாட்போலின் செயின் சாதாரண சைக்கிள் செயினைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம், நடுவில் உருளைகள் வழியாகப் போகிறது. மோட்டாரின் இழுப்பையும் அதன் தலையில் கட்டினால் தேய்மானம் அதிகம். மேலும் பிரபலமான மிட்-டிரைவ் கிட்டுகளில் பல 750 வாட்ஸ், 1000 வாட்ஸ். நம் மோட்டார் வாகன விதிகளில் மின் வண்டியை மோட்டார் வாகனமாகக் கருதாமல் விடுவதற்கான எல்லை 250 வாட்ஸ், 25 கி.மீ. வேகம். அதற்குள் நிற்கவே விருப்பம்.

250 வாட்ஸ் போதுமா? கணக்குப் போட்டேன். என்னையும் வண்டியையும் பேட்டரியையும் சேர்த்து 110 கிலோ. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் பாலத்தில் 12 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 180 வாட்ஸ், டயர் உராய்வுக்கு இன்னொரு 35, 40 வாட்ஸ். நான் மிதிப்பதில் 70, 80 வாட்ஸ் வந்தால்கூட மோட்டாருக்கு மூச்சு முட்டாது. மதுரை சமதளம், அது பெரிய வரம். உள்ளே பல்சக்கரம் வைத்த ஹப் மோட்டாருக்கே ஆர்டர் சொல்லியிருக்கிறேன். கரண்ட் இல்லாதபோது இழுத்துப் பிடிக்காது, எடையும் மூன்று கிலோவுக்குள்.

பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 12 செல் வரிசை, 38.4 வோல்ட், 10 ஆம்பியர் மணி. அதாவது 384 வாட் மணி. கிலோமீட்டருக்கு 10, 12 வாட் மணி செலவானாலும் போய்வரத் தாராளம். சாதாரண லித்தியம் அயானைவிட எடை கூடுதல்தான். சித்திரை, வைகாசி வெயிலில் நிற்க வேண்டிய பொருள் என்பதால் எடையைப் பொறுத்துக்கொள்கிறேன். வெயிலில் காய்ந்து வந்த சூட்டோடு சார்ஜ் போடுவதில்லை, 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது செல்லுக்கு ஆகாது. இருக்கைக்குப் பின்னால், பின்சக்கரத்துக்கு முன்னால் அதற்கு இடம் பார்த்தாயிற்று. அங்கே எடை இருந்தால் பின்சக்கரத்துக்குப் பிடிமானமும் கூடும்.

இதற்கிடையில் வண்டியை முழுக்க ஓவராயில் செய்தேன். பேரிங் எல்லாம் கழுவி கிரீஸ் வைத்தாயிற்று. முன் டிரம் பிரேக் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன, கேபிள் மட்டும் புதிது. இடது கைக்கு இடது சக்கரம், வலது கைக்கு வலது சக்கரம் என்று தனித்தனி லீவர். பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கும் சுவிட்சை இரண்டு லீவரிலும் வைக்க வேண்டும், கிட்டில் வருவது சாதாரண ஹேண்டில்பாருக்கான லீவர், இதில் உட்காராது. தனியாகக் காந்த சென்சார் வாங்கினேன். மிதிப்பதை உணரும் பெடல் சென்சார் வண்டியின் மூக்கில், கன்ட்ரோலர் முதுகுக்குப் பின்னால். நடுவில் ஒன்றே முக்கால் மீட்டர் நீட்டு ஒயர் வேண்டும், அதையும் கையோடு ஆர்டரில் சேர்த்துவிட்டேன்.

மோட்டார் வந்ததும் முதல் வேலை சக்கரம் கட்டுவது. மோட்டாரின் உடம்பு பெரிது, ரிம் சிறிது, இடையில் கம்பிக்கு இடமே இல்லை. வழக்கம்போல ஒவ்வொரு கம்பியும் மற்ற மூன்று கம்பிகளைக் குறுக்கே தாண்டும்படி மூன்று குறுக்குப் போட்டுக் கட்டினால், கம்பியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள் சாய்ந்து கம்பி அங்கேயே ஒடியும். ஒரு குறுக்குத்தான் போட வேண்டும், கம்பியையும் நீளம் பார்த்து வெட்டி மரை போட வேண்டும். எங்கள் பகுதியில் கோட்டம் எடுக்கும் பெரியவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். "ஹப்பைக் கையில குடு, அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.