சுழலும் தண்டின் சூட்டை அளத்தல்

மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு நவீன அரிசி ஆலையில் பராமரிப்புப் பணி பார்க்கிறேன். சம்பா அறுவடை முடிந்து நெல் வந்து குவியும் மாதங்களில் அரவை இரவும் பகலும் ஓடும். அப்போது சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளின் சூட்டைப் பார்த்துவருவது என் பொறுப்பு. உமித்தூசி பறக்கும் இடத்தில் காய்ந்துபோன பேரிங் ஒன்று தீப்பிடிக்கவும் காரணமாகலாம்.

ஓடும் தண்டின்மேல் உணர்வியை வைத்து அளந்தால் உராய்வுச் சூடும் அளவோடு சேர்ந்துவிடும். அதைவிட முக்கியம், தோளில் துண்டோடு ஒருவர் பெல்ட்டுக்கு அருகே கை நீட்டுவதை நான் அனுமதிப்பதில்லை. ஆகவே தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியையே பயன்படுத்துகிறோம்.

அதிலும் தண்டின் பளபளப்பு பெரிய இடர். மெருகேறிய எஃகின் உமிழ்திறன் (சூட்டைக் கதிராக வெளிவிடும் திறன், உச்சம் 1) 0.1 அளவுதான், கருவியோ பெரும்பாலும் 0.95 என்று அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் தண்டுகூட அதில் 40ஐ ஒட்டியே தெரியும். அருகில் நெல் அவிக்கும் கொதிகலன் இருந்தால் அதன் கதிர்களும் எஃகில் பட்டுத் திரும்பிக் கருவிக்குள் நுழையும்.

இதற்காகத் தண்டில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டுவார்கள். நிற்கும் தண்டுக்கு அது சரி. நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் தண்டு ஒரு சுற்றை 40 மில்லி விநாடியில் முடிக்கிறது. சாதாரணக் கைக்கருவி ஒரு அளவெடுக்க ஏறத்தாழ அரை விநாடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் டேப்பும் பளபளப்பும் பலமுறை மாறி மாறி அதன்முன் கடந்துவிடுவதால், இரண்டும் கலந்த சராசரியே திரையில் வரும். டேப் பிய்த்துக்கொண்டு பறப்பதும் உண்டு. ஆலை நிற்கும் நாளில் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு, தண்டைச் சுற்றி முழு வளையமாக, சூடு தாங்கும் மங்கிய கறுப்பு வண்ணம் பூசுவதுதான் என் வழக்கம்.

வளையத்தின் அகலத்தையும் தூரத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். 12:1 கருவி, அதாவது தூரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அகலமுள்ள வட்டத்தை அளப்பது, 60 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் 5 சென்டிமீட்டர் வட்டத்தைப் பார்க்கும். லேசர் புள்ளி குறி காட்டுவதற்கு மட்டுமே. அக்ரிலிக் மூடி வழியாக அளந்தால் மூடியின் சூடுதான் கிடைக்கும்.

எண்ணைவிட அதன் போக்கையே நான் நம்புகிறேன். கிரீஸ் அடித்தபின் சில மணி நேரம் சூடு ஏறி இறங்குவது இயல்பு. இறங்காமல் நின்றால் கிரீஸை மிகுதியாக அடைத்திருக்கிறார்களா, பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.