நட்டு சுத்துது, இறுக மாட்டேங்குது

போன ஞாயித்துக்கிழமை பத்துமலை பின்பக்கம் குவா டாமாய்ல பாறை ஏறுறவங்களோட ஒரு பழைய ரூட்டுல கயிறு மாட்டுற போல்ட்ட மாத்தப் போனோம். முன்பக்கம் 272 படி, குரங்கு, புறா, தேங்கா உடைக்கிற கூட்டம். பின்பக்கம் அதே சுண்ணாம்புக்கல் மலைல எங்கள மாதிரி கயிறு கட்டி தொங்குற ஆளுங்க. எனக்கு சோறு போடுறதும் போல்ட்தான், கோலாலம்பூர்ல கட்டடம் கட்டடமா ஏறி ஏர்கோன் பைப்பு தொங்கவிட கான்கிரீட் சிலாப்ல வெட்ஜ் ஆங்கர்னு உள்ள விரிஞ்சு புடிக்கிற போல்ட் அடிக்கிற வேலை, அதனால பாறைல அடிக்கிறதெல்லாம் நமக்கு ஜுஜுபின்னு ஒரு திமிரு இருந்துச்சு. அந்த திமிரு மத்தியானத்துக்குள்ள எறங்கிருச்சு.

மொதல்ல வாங்குற கதைய சொல்லிடுறேன். ஹார்ட்வேர் கடைல ஜிங்க் போட்ட ஆங்கர் ரொம்ப மலிவு, ஆனா நம்ம ஊரு மழைக்கும் புழுக்கத்துக்கும் அது சீக்கிரமே துரு அழுது பாறைல சிவப்பா கோடு விட்டுரும். இன்னொன்னு, ஜிங்க் போல்ட்ல ஸ்டெயின்லெஸ் ஹேங்கர, அதாவது கயிறு மாட்டுறதுக்கு ஓட்டை வச்ச தகட்ட, மாட்டவே மாட்டாதீங்க, ரெண்டு உலோகம் ஈரத்துல ஒட்டி நின்னா ஜிங்க்தான் மொதல்ல கரையும். நாங்க வாங்குனது 12 மில்லி, 316 ரக ஸ்டெயின்லெஸ், நட்டு வாஷர் ஹேங்கர் எல்லாமே அதே. ஹேங்கர் மேல 25 கேஎன், அதாவது கிலோநியூட்டன்னு குத்தியிருக்கும், பக்கவாட்டுல இழுத்தா சுமாரா ரெண்டரை டன்னு தாங்கும்னு அர்த்தம். அந்த நம்பர் நல்ல கல்லுல ஒழுங்கா அடிச்சாத்தான், கடைல இருந்து எடுத்துட்டு வந்தவுடனே அந்த பலம் போல்ட்டுக்குள்ள உக்காந்திருக்காது.

கடலோரம்னா கதையே வேற. தாய்லாந்து ராய்லே, டொன்சாய் பக்கம் பளபளன்னு இருந்த ஸ்டெயின்லெஸ் போல்ட்டே உள்ளுக்குள்ள விரிசல் விட்டு சாதாரண வெயிட்டுக்கு பட்டுன்னு ஒடஞ்சிருக்கு, வெளிய பெருசா துருவே தெரியாது, அதான் பயம். அதனால அங்க டைட்டேனியம் போல்ட்ட பசை ஊத்தி ஒட்டுறாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். எங்க கூட வந்த அண்ணன் இருவது வருஷமா ஏறுறவரு. ட்ரில்ல தொடுறதுக்கு முன்னாடி சுத்தியலால பாறைய தட்டிக்கிட்டே வந்தாரு. கெட்டியான எடம் டிங்னு மணி மாதிரி கேக்கும், பொள்ளல் எடம் டொப்புன்னு பானைய தட்டுன மாதிரி கேக்கும். சுண்ணாம்புக்கல்ல இது முக்கியம், தண்ணி கரைச்சு கரைச்சு உள்ள குகையே பண்ணி வச்சிருக்கும், வெளிய வழவழன்னு அழகா தெரியும். குகைல அழகா தொங்குற கல்லு விழுதுல எல்லாம் போல்ட் அடிக்கக் கூடாது, விரிசல் பக்கத்துலயும், ஓரத்துலயும் கூடாது.

வெட்ஜ் ஆங்கர் எப்படி புடிக்குதுன்னு தெரிஞ்சிக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். போல்ட்டோட அடி கூம்பு மாதிரி இருக்கும், அத சுத்தி மெல்லிசா ஒரு கிளிப். நட்ட முறுக்க முறுக்க போல்ட் வெளிய வரப் பாக்கும், கிளிப் ஓட்டையோட சுவத்த புடிச்சிக்கிட்டு நிக்கும், கூம்பு கிளிப்புக்குள்ள ஏறி அத விரிச்சிரும். அவ்ளோதான். நடுவுல தூசி இருந்தா கிளிப்புக்கு கல்லு கிடைக்காது, பவுடர் கொட்டுன கேரம் போர்டு மாதிரி வழுக்கும்.

அண்ணன் சொன்னாரு, "தம்பி, ஓட்டைய ஊதி, பிரஷ் போட்டு, திரும்ப ஊது, தூசி வராத வரைக்கும்." மூணு ஓட்டை ஒழுங்கா பண்ணேன். நாலாவதுல கை வலி, கண்ணுல வேர்வை, காதுல கொசு, ஒருவாட்டி ஊதிட்டு போல்ட்ட தட்டி உள்ள விட்டுட்டேன். ஸ்பேனர் போட்டா நட்டு சுத்துது, சுத்துது, போல்ட்டும் கூடவே சுத்துது, இறுகவே மாட்டேங்குது. இன்னும் பலமா முறுக்கலாம்னு பாத்தேன், அண்ணன் மேல இருந்து கத்துனாரு, "டேய் விடு, அது செத்துப்போச்சு!"

பலமா முறுக்குறதும் ஆபத்துதான், ஸ்டெயின்லெஸ் மரை ஒன்னோட ஒன்னு கடிச்சிக்கிட்டு அப்படியே ஒட்டிக்கும், இல்லன்னா போல்டே இழுபட்டு பலம் போயிரும். பாக்கெட்ல எத்தன நியூட்டன் மீட்டர்னு போட்டிருக்கும், முறுக்குற அளவ காட்டுற டார்க் ரெஞ்ச் வச்சு அந்த அளவுக்குத்தான் முறுக்கணும்.

செத்த போல்ட்ட என்ன பண்றது? ஓட்டைய போல்ட்ட விட ஆழமா போட்டிருந்தா நட்ட கழட்டிட்டு சுத்தியலால உள்ள தள்ளி, எபாக்சில கல்லுப்பொடி கலந்து மூடிட்டு போயிட்டே இருக்கலாம். ஆனா எனக்கு சிலாப் பழக்கம். சிலாப்ல ஆழமா போனா கம்பில முட்டும், வயர் பைப்புல ஏறும், அதனால கை தன்னால கணக்கா நிறுத்திருது. அண்ணன் ட்ரில் பிட்ல டேப்பு ஒட்டி ஆழத்த குறிச்சு குடுத்தாரு, அந்த டேப்ப நான்தான் மொதல் ஓட்டைலயே பிச்சுப் போட்டேன், எனக்கு எதுக்கு டேப்புன்னு.

அப்புறம் என்ன, உள்ள தள்ள ஓட்டைல ஆழம் பத்தல, கயிறுல தொங்கிக்கிட்டே ஹேக்சா பிளேடு வச்சு அறுத்தேன். ஸ்டெயின்லெஸ் 12 மில்லி. ரெண்டு பிளேடு போச்சு, மூணாவது பாதில கட்டை விரல் தோலும் போச்சு. ஒரு முழத்துக்கு மேல தள்ளி புது ஓட்டை போட்டு, இந்தவாட்டி டேப்பு ஒட்டி, நாலுவாட்டி ஊதி, பிரஷ் போட்டு அடிச்சேன், ரெஞ்ச் டிக்குன்னு சொல்லுச்சு. கீழ எறங்குனப்போ மணி நாலு, வாங்கி வச்சிருந்த தே தாரேக் பால் டீ ஆறிப்போய் மேல ஆடை கட்டியிருந்துச்சு.

அறுத்த எடம் இன்னும் கொஞ்சம் துருத்திக்கிட்டுதான் நிக்குது, அடுத்த ஞாயிறு ஃபைல் எடுத்துட்டுப் போய் ராவணும். யாராச்சும் வரீங்களா? பிளேடு நான் வாங்கிட்டு வரேன்.