மூன்றாவது கார்டும் போன பிறகு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கும் பேக்டரி. மத்தியானத்துக்கு மேல் மூட்டை மூட்டையாக இலை வந்து இறங்கும். எடை ஷெட்டில் தராசு காட்டும் கிலோ, எதிரே ஆபீசில் இருக்கும் சர்வரில் விவசாயி பெயரில் ஏற வேண்டும். அவர்களுக்குப் பணம் அந்தக் கணக்கை வைத்துத்தான். சர்வர் நின்றால் எனக்குச் சோறு இறங்காது.

சர்வரைக் கேபிளோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டுகள் ஒரே வருடத்தில் மூன்று போயின. முதலாவது விலை குறைந்த கார்டு, அதனால்தான் போனது என்று நினைத்தேன். அடுத்து நல்ல கார்டாகப் போட்டேன், அதுவும் போனது. சர்வரின் பதிவேடான லாக்கில் ‘டிரான்ஸ்மிட் டைம்டு அவுட்’, அதாவது அனுப்பியது போகவில்லை என்று வரி வரியாக ஓடும். கார்டின் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும், ஒரு பாக்கெட் தகவல்கூட வெளியே போகாது. விளக்கை நம்பி டிரைவர், கேபிள், ஸ்விட்ச் போர்ட் என்று மாற்றி மாற்றிப் பார்த்ததில் ஒரு ராத்திரி போனது.

புதுக் கார்டு கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். வந்தாலும் உடனே ஓடாது. பழைய லினக்ஸ் அது. ஈத்0 என்ற கார்டுப் பெயரைச் செத்த கார்டின் மேக் முகவரிக்கே (ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள தனி எண்) வைத்துக்கொண்டு, புதியதை ஈத்1 என்று கூப்பிடும். சர்வரின் நெட்வொர்க் முகவரியான ஐபி செட்டிங்கோ ஈத்0வில். அந்தப் பெயர்களைக் குறித்து வைக்கும் யூடெவ் கோப்பில் பழைய வரியை அழித்தால்தான் வழிக்கு வரும். கணக்கு சாப்ட்வேரின் லைசென்ஸும் அதே மேக் முகவரிக்குத்தான். ஒவ்வொரு தடவையும் விற்றவர்களிடம் கேட்டுப் புதுக் கீ வாங்க வேண்டும்.

மூன்றாவது போன அன்றுதான் தேதிகளை எழுதிப் பார்த்தேன். ஐப்பசி, சித்திரை, மறு ஐப்பசி. மூன்றுமே இடி இடித்த சாயங்காலங்கள். வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். ஆபீஸ் கூரையிலிருந்து ஷெட்டில் இருக்கும் ஸ்விட்சுக்கு, அந்தரத்தில் ஈரம் சொட்டியபடி செம்புக் கேபிள். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் தனித்தனி. பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஏறும் மின்னழுத்தத்துக்கு அந்தக் கேபிள்தான் பாதை. கார்டில் உள்ள குட்டி டிரான்ஸ்பார்மர் 1500 வோல்ட் தாங்க வேண்டும் என்பது தரம். இடிக்கு அது எம்மாத்திரம்? அதுவரை கார்டைத் திட்டியது தப்பு.

செம்பைக் கழற்றிவிட்டு, ஒளியில் தகவல் கடத்தும், கம்பி சேராத ஃபைபர் இழுத்து, ஒளியையும் மின் சிக்னலையும் மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டரை இரண்டு பக்கமும் வைத்தோம். தாங்கிப் பிடிக்க உலோகக் கம்பி உள்ள ஃபைபர் வாங்கினால் இடிக்கு மறுபடி பாதை போட்ட மாதிரி ஆகிவிடும்.

அதோடு, ஒரு மெஷினுக்குள் சாப்ட்வேராலேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓடவிடும் விர்ச்சுவலைசேஷனையும் கேட்டேன். மேனேஜர், “ஏம்ப்பா, அதைப் போட்டா இனிமே கார்டு போகாதா?” என்றார். “போகும் சார். ஆனா போனாலும் உள்ளே இருக்கிற சர்வருக்குத் தெரியாது” என்றேன். அதைச் செய்யும் கேவிஎம் 2007லேயே லினக்ஸின் மையமான கெர்னலில் சேர்ந்துவிட்டது, தனியாகக் காசு இல்லை. உள்ளே ஓடும் சர்வருக்குக் கிடைப்பது கற்பனைக் கார்டு. வெளியே எந்தக் கார்டை மாற்றினாலும் அதன் மேக் முகவரி மாறாது. கடைசியாக ஒரு கீ வாங்கியதோடு லைசென்ஸ் தொல்லை விட்டது. பயம் ஒன்றுதான்: கணக்கு, பேக்கப் எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்துவிடுகிறது. அதனால் ஒன்று போனாலும் மற்றது ஓடும்படி இரண்டு கார்டுகளை பாண்டிங்கில் கட்டினேன். ராத்திரி தோறும் உள்ளே ஓடும் சர்வரின் முழு நகலான டிஸ்க் இமேஜை இன்னொரு மெஷினுக்கு அனுப்பினேன். அந்த இரண்டாவது மெஷின் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது என்பேன்.

அடுத்த ஐப்பசியில் இடி புரண்டபோது ஷெட்டிலிருந்து எடை அண்ணன் குரல் கொடுத்தார்: “தம்பி, கேபிளைப் புடுங்கிடட்டுமா?”

“வேணாம்ண்ணே, எடை போடுங்க.”