பட்டாளத்திலிருந்து மாட்டு டாக்டர் படிப்புக்கு: ஒரு பணக் கணக்கு

2025 ஜூலை 6, ஞாயிறு

ஒண்டர்ஸ்டெபோர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. தென்னாப்பிரிக்கா முழுவதற்கும் கால்நடை மருத்துவப் பட்டம் கொடுப்பது பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் அந்த ஒரே இடம்தான். ஆறு வருஷப் படிப்பு, முடித்தபின் ஒரு வருஷம் கட்டாய சமுதாய சேவை, அதற்குச் சம்பளம் உண்டு என்பதால் அந்த வருஷத்தைப் பற்றிக் கவலை இல்லை. பட்டாளத்தில் நாய்ப் பிரிவில் இருந்தவன் நான், டாக்டர் ஊசி போடும்போது நாயை அமுக்கிப் பிடித்தே இத்தனை வருஷம் போய்விட்டது, இனி ஊசி போடுகிற பக்கம் நிற்க ஆசை. ஆசைக்கு யார் பணம் கட்டுவது என்பதுதான் கேள்வி.

ஜூலை 14, திங்கள்

முன்னாள் படைவீரர் சலுகை நிறவெறி ஆட்சிக் காலத்து விடுதலைப் போரில் இருந்தவர்களுக்கு மட்டும் என்று எங்கள் டர்பன் சாட்ஸ்வர்த்தில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 2011ஆம் வருஷத்துச் சட்டப்படி, 1994க்குப் பிறகு தேசியப் படையில் சேர்ந்து, பயிற்சி முடித்து, அவமானமில்லாமல் வெளியே வந்தவனும் கணக்கில் வருவான். கல்வி உதவியும் அந்தச் சலுகைகளில் ஒன்று, பிள்ளைகளுக்கும் உண்டு. ஆனால் வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அதனால் விண்ணப்பிப்பேன், கணக்குத் தாளில் மட்டும் அந்த வரியில் சைபர்.

என்எஸ்ஃபாஸ், அதாவது அரசின் மாணவர் நிதி உதவித் திட்டம், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3.5 லட்சம் ராண்டுக்குள் இருக்கவேண்டும், நர்ஸ் வேலை பார்க்கும் என் மனைவியின் சம்பளம் ஒன்றே அதைத் தாண்டிவிடும். அதற்கு மேல் 6 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 2024இல் ஒரு கடன் திட்டம் அறிவித்தார்கள், அதைக் கேட்டுப் பார்க்கவேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

கோயிலில் ஆடிக் கஞ்சி. வரிசையில் நிற்கும்போதே மாமா ஆரம்பித்துவிட்டார். "வேலைய விட்டதும் பென்ஷன மொத்தமா எடுத்துடுடா, படிப்பும் முடிஞ்சிடும், வீட்டுக் கடனும் அடைஞ்சிடும்." இந்த யோசனையைச் சொல்லாத ஆளே கிடையாது.

மாமா, வரி? ஓய்வு பெறும்போது எடுத்தால் முதல் 5.5 லட்சத்துக்கு வரியே இல்லை. ராஜினாமா செய்து எடுத்தால் 27,500 ராண்டுக்கு மட்டும் விலக்கு, அதற்கு மேல் 18 சதவீதத்தில் தொடங்கும். 5 லட்சம் எடுத்தால் 85,050 ராண்ட் போய்விடும். அதோடு விடுவதில்லை, இப்போது எடுப்பதை நினைவில் வைத்திருந்து, கிழவனானதும் அந்த 5.5 லட்சத்திலும் கழிப்பார்கள். மாமா கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தபடி "அப்போ என்னதான் பண்ணப்போற" என்றார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

என்ன பண்ணப்போகிறேன் என்றால்: பென்ஷனைக் கையில் வாங்காமல், ஓய்வுக் காலம் வரை அதைக் காத்து வைக்கும் நிதி (preservation fund) ஒன்றுக்கு மாற்றிவிடுவேன், அந்த மாற்றத்துக்கு வரி இல்லை. 2024 செப்டம்பர் 1க்குப் பிறகு சேர்ந்ததில் மூன்றில் ஒரு பங்கு, ஓய்வுக்கு முன்பே எடுக்கலாம் என்று தனியாக ஒதுக்கிய 'சேமிப்புப் பானை'யில் இருக்கிறது, அதிலிருந்து வரி வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். அதற்கு அந்த வருஷத்து வருமானத்தோடு சேர்த்துத்தான் வரி, சம்பளம் இல்லாத மாணவனுக்கு மொத்தமே 95,750 ராண்டுக்குள் (2025-26 கணக்குப்படி) நின்றால் வரியே இல்லை! ஆனால் டிசம்பரில் வேலையை விட்டு ஜனவரியிலேயே எடுத்தால் பழைய சம்பளமும் கணக்கில் சேரும், ஏனென்றால் வரி வருஷம் பிப்ரவரியில்தான் முடிகிறது. மார்ச் வரை பொறுக்கவேண்டும். சேமிப்புப் பானையில் பெரிதாக ஒன்றும் இல்லைதான், புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும் வரும்.

2024 செப்டம்பருக்கு முன் சேர்ந்த பழைய பங்கிலிருந்து ஓய்வுக்கு முன் ஒரே ஒரு தடவை எடுக்க அனுமதி உண்டு. அதைக் கடைசி வருஷங்களுக்கு வைத்திருக்கலாம் என்கிறேன் நான். முதல் வருஷ ஃபீஸுக்கே தேவைப்படும் என்கிறாள் என் மனைவி. வீட்டை நடத்தப்போவது அவள் சம்பளம், ஆகையால் அவள் பேச்சுக்குத்தான் எடை அதிகம். இரவு அம்மா போனில் கேட்டது ஒன்றே ஒன்று: பிரிட்டோரியாவில் தங்க இடம் எவ்வளவு? கணக்குத் தாளில் அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.